படம் நகர்ந்தது, கோடு நின்றது

கண்ணா,

உன் கல்யாணத்துக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. நேற்றுகூட அரை மணி நேரம் போனில் பேசினோம். சமையல்காரர், பந்தல், ஐயம்பேட்டையிலிருந்து பெண் வீட்டார் வர எத்தனை வண்டி வேண்டும், உனக்கு வேட்டி இடுப்பில் நிற்குமா நிற்காதா என்று எல்லாவற்றையும் பேசினோம். பேச வேண்டியதை மட்டும் பேசவில்லை. நீயும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. வாயால் சொல்ல வந்தால் எனக்கு நடுவில் கோபம் வரும், இல்லாவிட்டால் அழுகை வரும். எது வந்தாலும் சொல்ல வந்தது போய்விடும். அதனால் எழுதுகிறேன். இதை உங்கப்பாவும் படிக்கட்டும், உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற மேகலாவும் படிக்கட்டும். நான் தப்பாகப் பேசியது அக்கம்பக்கத்தில் எல்லார் காதிலும் விழுந்தது. அதைத் திருத்துவது மட்டும் எதற்கு ரகசியமாக நடக்க வேண்டும்?

மேகலாவுக்குத் தெரியாது என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். இந்த வீட்டில் உங்கப்பா நெய்கிறார், நான் வரைகிறேன். பட்டுப் புடவையின் கரையில் வரும் மயிலும் மாங்காயும் கொடியும் முதலில் கட்டம் போட்ட தாளில்தான் உருவாகும். ஒரு கட்டம் என்பது தறியில் ஓர் இழை. கட்டத்தைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள். அட்டை தறியின் மேலே ஏறும். துளை இருக்கும் இடத்தில் இழை எழும்பும். நான் ஒரு கட்டம் தப்பினால் புடவை நீளத்துக்கும் அந்தத் தப்பு ஓடும். இருபத்தைந்து வருடம் பென்சிலும் ரப்பருமாக இந்த வேலையைச் செய்தேன். ஆறு வருடத்துக்கு முன்னால், கல்லூரி ஆய்வகத்தில் ஒதுக்கிப் போட்ட ஒரு கணினியைக் கேட்டு வாங்கி, பெட்டியைக் காலடியிலும் திரையை மடியிலும் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் அதை டிவி என்று நினைத்து, ‘கலர் நல்லா தெரியுமாபா?’ என்று கேட்டாளாம். நீ அதில் லினக்ஸ் போட்டு, கட்டம் வரைகிற ஒரு நிரலையும் போட்டு, இரண்டு நாள் கூடவே உட்கார்ந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். முதல் நாள் நான் மவுஸால் வரைந்த மாங்காய் பார்ப்பதற்குக் கோவைக்காய் மாதிரி இருந்தது. வெட்கம் தாங்காமல் உடனே அழித்துவிட்டேன். அந்தக் கோவைக்காயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. கூறைப் புடவையின் டிசைன் முடிந்திருந்தது. மாப்பிள்ளை வீடு கொடுக்கிற புடவை அது. கடை கடையாக ஏறி இறங்கி யாரோ வரைந்ததை எடுத்துக் கொடுக்க எனக்கு மனசில்லை. என் மருமகள் முகூர்த்தத்தில் கட்டுகிற கரையை நான்தான் வரைவேன், உங்கப்பாதான் நெய்வார் என்று பிடிவாதமாக இருந்தேன். இரண்டு மயில்கள், நடுவில் ஒரு கொடி, பின்புலம் முழுக்க ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டமாக மெல்லிய கோடுகள். உங்கப்பா நீள இழைகளான பாவை ஏற்றித் தறியைத் தயாராக வைத்திருந்தார். அட்டை அடிப்பவர் வியாழக்கிழமை டிசைன் வேண்டும் என்று சொல்லியிருந்தார். கடைசியாக ஒரு முறை பார்த்துவிடலாம் என்று கணினியைப் போட்டேன். புதுப்பிக்கட்டுமா என்று அது கேட்டது. நல்ல காரியம் நடக்கப் போகிற வீடு, எல்லாம் புதிதாகவே இருக்கட்டும் என்று சரி சொன்னேன். முடிந்ததும் அணைத்துப் போட்டேன். திரை கறுப்பாகவே நின்றது. விசிறி ஓடியது, விளக்கு எரிந்தது, படம் மட்டும் வரவில்லை.

உனக்குப் போன் செய்தேன்.

‘கம்ப்யூட்டர் செத்துப்போச்சுபா.’

‘ஃபேன் ஓடுதாமா?’

‘அது ஓடிக்கினுதான் இருக்குது.’

‘அப்ப சாவல. உள்ள கிராபிக்ஸ் கார்டு ரொம்பப் பழசு. இப்ப வந்த புது கெர்னலுக்கு அதுகூடப் பேசத் தெரியல. உள்ள எல்லாம் நடந்துக்கினுதான் இருக்குது. வெளிய காட்டத்தான் முடியல.’

கெர்னல் என்றால் கணினிக்குள் எல்லாவற்றையும் நடத்துகிற அடிப்படை நிரல் என்று விளக்கினாய். அது எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் உள்ளே எல்லாம் நடக்கிறது, வெளியே காட்டத்தான் முடியவில்லை என்றாயே, அதைக் கேட்டு அந்தக் கறுப்புத் திரையை நான் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். ஒன்றுமே இல்லை என்று நான் நினைத்த இடத்துக்குப் பின்னால் என் மயில்கள் இருக்கின்றன, கடிகாரம் ஓடுகிறது, நான் எதையாவது தட்டுவேனா என்று அது காத்திருக்கிறது. கையை மெதுவாகப் பெட்டியின் மேல் வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

நீ ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, நான் கட்டத் தாளில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதிக்கொண்டேன். பெட்டியைப் போடும்போது ஷிப்டை அழுத்திப் பிடிக்க வேண்டும். பட்டியல் வந்ததும் ஒரு விசையைத் தட்ட வேண்டும். ஒரு வரியின் கடைசியில் ‘நோமோட்செட்’ என்று சேர்க்க வேண்டும். அப்படிச் சொன்னால் கார்டோடு மல்லுக்கட்டாமல் எளிமையான படத்தைக் காட்டும் என்றாய். முதல் தடவை வேலைக்கு ஆகவில்லை. முந்தைய சொல்லோடு ஒட்டி அடித்திருந்தேன். ‘நடுவுல ஒரு கட்டம் விடும்மா’ என்றாய். வெற்றுக் கட்டத்துக்கும் கணக்கு உண்டு என்பதை எனக்கா சொல்லித்தர வேண்டும் என்று எனக்கே சிரிப்பு வந்தது. இரண்டாவது தடவை, அந்த வரியில் இருந்த ‘க்வயட்’ என்ற சொல்லையும் அழிக்கச் சொன்னாய். அமைதியாக இரு என்று கணினிக்குச் சொல்லி வைத்திருந்த சொல்லாம் அது.

அதை அழித்தபின் நான் பார்த்ததை எப்படிச் சொல்வேன்? கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடி வந்தன. நினைவகம் இவ்வளவு இருக்கிறது, கீபோர்டைக் கண்டுகொண்டேன், மவுஸைக் கண்டுகொண்டேன், இரண்டாவது டிஸ்க் இருக்கிறது, மணி இத்தனை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனது. நீ போனில் அர்த்தம் சொல்லிக்கொண்டே வந்தாய். ‘இதெல்லாம் இன்னிக்குத்தான் பண்ணுதாபா?’ என்று கேட்டேன். ‘தினமும் பண்ணுதும்மா. நீ பாக்கல, அவ்ளோதான்’ என்றாய். ஆறு வருடமாகத் தினமும் காலையில் நான் காபி ஆற்றுகிற நேரத்தில் இத்தனை வேலை இந்தப் பெட்டிக்குள் சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. நான் ஒரு சின்னப் படத்தையும் சுற்றுகிற வட்டத்தையும் மட்டும் பார்த்துவிட்டு, ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது என்று திட்டியிருக்கிறேன். சிவராத்திரி அபிஷேகத்தைப் பார்க்கும்போது நான் கண் இமைக்க மாட்டேன், உனக்குத் தெரியும். அன்றைக்கு அப்படித்தான் பார்த்தேன். சிரிக்காதே.

படம் வந்துவிட்டது. ஏதோ கொஞ்சம் அகலமாக, எழுத்தெல்லாம் சற்று உப்பலாக வந்தது, ஆனாலும் வந்தது. அந்த சந்தோஷத்தில் என் முதல் தப்பைச் செய்தேன். நீ, ‘இரும்மா, ஒண்ணு சொல்லணும், இது தற்காலிகம்தான், படம் வந்து...’ என்று ஆரம்பித்தாய். அடுப்பில் பால் பொங்குகிற வாசனை. ‘வந்துடுச்சுபா, போதும், அப்பறம் பேசுறேன்’ என்று வைத்துவிட்டேன். நீ சொல்ல வந்தது இதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்: ‘படம் கொஞ்சம் கோணலாத்தான் தெரியும். அதுல டிசைன் வேல மட்டும் செய்யாத. ஞாயித்துக்கெழம மீதியச் சரி பண்ணிடலாம்.’ பால் பொங்கி வழிந்ததுதான் மிச்சம். கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவனுக்கு அம்மா என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டுமானால், எதிரில் இருப்பவர் பேசி முடிக்கிற வரைக்கும் பால் பொங்கட்டும் என்றுதான் சொல்வேன்.

டிசைனைத் திறந்தேன். பின்புலத்தில் ஒரே சீராக ஓட வேண்டிய மெல்லிய கோடுகளில், நாலு கட்டத்துக்கு ஒன்று தடித்துக் கிடந்தது. கரை முழுக்க அப்படித்தான். கறுப்புத் திரை வந்தபோது கோப்பு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். பெரிதாக்கிப் பார்த்திருந்தால் அப்போதே உண்மை தெரிந்திருக்கும். நான் பெரிதாக்கிப் பார்க்கிற ஆளா? பார்த்தவுடன் இழை எண்ணுகிற கண் என்று ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கு அந்தக் கர்வம் ஏறியிருந்தது. தடித்த இடத்தில் ஒரு கட்டத்தை எடுத்தேன். கோடு சன்னமானது, அதற்குப் பதில் பக்கத்தில் இருந்த இடைவெளி அகலமானது. இடைவெளியைக் குறைத்தேன்; மறுபடியும் கோடு தடித்தது. முழுக் கரையும் திரைக்குள் அடங்கும்படி வைத்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்து, எடுத்தேன், சேர்த்தேன், எடுத்தேன். செவ்வாய் போனது, புதன் போனது. வியாழக்கிழமை அட்டை அடிப்பவரிடம் இரண்டு நாள் தவணை கேட்டேன். உங்கப்பா தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்து பார்ப்பதும், எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பதுமாக இருந்தார். ஒவ்வொரு தடவையும் திருத்தியதைப் பழைய கோப்பின் மேலேயே சேமித்தேன். முதலில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டுத் திருத்து என்று நீ எத்தனை முறை சொல்லியிருக்கிறாய், அதையும் நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை உனக்குப் போன் செய்தேன். அதற்குள் எனக்கு உன்மேல் அத்தனை கோபம் சேர்ந்திருந்தது. நீ போட்ட லினக்ஸ், நீ கொண்டு வந்த ஓட்டைப் பெட்டி, நீ சொன்ன ஏதோ ஒரு சொல், எல்லாம் சேர்ந்து என் மருமகளின் கூறைப் புடவையைக் கெடுத்துவிட்டன என்று கத்தினேன். நீ நடுவில் ஏதோ சொல்லப் பார்த்தாய். அப்போதுதான் அதைச் சொன்னேன்.

‘ஒரு பழைய மிஷினப் பாத்துக்கத் துப்பில்ல. வர்றவள நீ எப்படிப் பாத்துக்கப் போற?’

ஊர் ஊராக இருக்கிற கம்பெனிகளின் கணினிகளை ஹைதராபாத்தில் உட்கார்ந்துகொண்டு பார்த்துக்கொள்வதுதான் உன் வேலை. கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, உன்னிடம், உன் அம்மா கேட்ட கேள்வி அது. நீ சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. ‘சரிம்மா’ என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடவில்லை. திங்கட்கிழமையும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. எனக்கு ரோஷம். உங்கப்பா சாப்பிடும்போது, ‘பையன் போன் பண்ணானா?’ என்று கேட்பார். ‘இல்ல’ என்பேன். அவர் தலையைக் குனிந்து சாப்பிடுவார்.

செவ்வாய்க்கிழமை மதியம் மேகலா கூப்பிட்டாள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அவளும் இதைப் படிப்பாள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். பெண் பார்க்கப் போனபோது அவள் பத்து வார்த்தைகூடப் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை என்றார்கள். மனிதர்களை எலும்பாகவே பார்த்துப் பழகிவிட்டாள் போல என்று நான் உங்கப்பாவிடம் கிண்டல் செய்தேன். அந்தப் பெண்தான் கூப்பிட்டாள்.

‘அத்தை, நான் மேகலா பேசுறேன். அவர் கூப்பிடச் சொல்லல. நானாத்தான் கூப்பிடுறேன்.’

‘சொல்லும்மா.’

‘நீங்க ரெண்டு பேரும் என்ன பேசிக்கினீங்கன்னு நான் கேக்கல. அந்தக் கோடு எப்படி இருக்குதுன்னு மட்டும் சொல்றீங்களா?’

சொன்னேன். எத்தனை தடவை திருத்தினாலும் அதே இடத்தில் தடித்து நிற்கிறது என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

‘அத்தை, படத்த அப்படியே கொஞ்சம் எடது பக்கமா நகத்துங்களேன்.’

‘எதுக்கும்மா?’

‘எங்க எக்ஸ்ரே ரூம்ல அப்படித்தான் செய்வோம். நெஞ்சுப் படத்துல புள்ளி மாதிரி ஏதாவது தெரிஞ்சா, உடனே நோயின்னு சொல்லிட மாட்டோம். ஆள ஒரு சாண் தள்ளி நிக்க வெச்சு இன்னொரு படம் எடுப்போம். புள்ளியும் கூடவே தள்ளி வந்தா அது ஆள்கிட்ட இருக்குது. அங்கயே நின்னுட்டா படம் புடிக்கிற எங்க தட்டுல இருக்குது.’

நகர்த்தினேன். மயில் நகர்ந்தது. கொடி நகர்ந்தது. தடித்த கோடுகள் நகரவில்லை. திரையில் எந்தெந்த இடத்தில் இருந்தனவோ அங்கேயே நின்றன. என் மயில் ஒவ்வொரு கோடாகக் கடந்து போனது. கோட்டுக்கு அடியில் வரும்போது மயிலின் கழுத்து தடித்தது, தாண்டியதும் கழுத்து பழையபடி ஆனது. மறுபடி வலது பக்கம் நகர்த்தினேன், மறுபடி இடது பக்கம். போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் அதையே செய்துகொண்டிருந்தேன். அத்தை, அத்தை என்று மேகலா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

தண்ணீர் குடிக்க எழுந்த உங்கப்பா வந்து என் தோளுக்கு மேலாகப் பார்த்தார். ‘பண்ணைல பல்லு வளஞ்சா இப்படித்தான் நிக்கும்’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பண்ணை என்பது தறியில் இழைகளைப் பிரித்து நிறுத்துகிற சீப்பு, மேகலா. அதில் ஒரு பல் வளைந்தால் துணி நீளத்துக்கும் அதே இடத்தில் ஒரு கோடு விழும். அதைப் பார்த்து எந்த நெசவாளியும் நூலைக் குறை சொல்ல மாட்டார். குனிந்து பண்ணையைத்தான் பார்ப்பார். இந்தத் தெருவில் பத்து வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும். கண்ணாடித் திரை என்றதும் எனக்கு மட்டும் மறந்துவிட்டது. நீ பிறகு விளக்கினாய்: தற்காலிகமாக வந்தது சின்ன அளவுப் படம், அதைத் தன் முழு அகலத்துக்கு இழுத்து நிரப்பிக் காட்டியது திரை. நாலு கட்டத்தை ஐந்து கட்டத்தின் இடத்தில் நிரப்ப வேண்டுமானால் ஒன்றைத் தடிக்க வைத்துத்தானே ஆக வேண்டும்? கோப்பில் ஒரு குறையும் இல்லை. குறை இல்லாத கோப்பை மூன்று நாள் உட்கார்ந்து கெடுத்தவள் நான்.

இது எனக்கு வாழ்க்கையில் இரண்டாவது தடவை என்பதுதான் வேடிக்கை. கல்யாணமான முதல் வருடம், சாப்பாட்டு நேரத்தில் நான் என்ன பேசினாலும் உங்கப்பா பதில் சொல்ல மாட்டார். உப்பைக் குறைத்தேன், புளியைக் குறைத்தேன், பேசுவதைக் குறைத்தேன், புடவை மாற்றிக் கட்டிக்கொண்டு வந்து பரிமாறினேன். ஒன்றுக்கும் அசையவில்லை. இந்த மனுஷனுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று அழுதிருக்கிறேன். ஒரு நாள் வீட்டில் விருந்தாளி வந்து இடம் இல்லாமல் போய், வழக்கமாக உட்காரும் பக்கம் விட்டு மறுபக்கம் உட்கார்ந்தேன். குழம்பு எப்படி என்று கேட்டேன். ‘அருமையா இருக்குது’ என்று திரும்பிச் சிரித்தார். சின்ன வயதிலிருந்தே தறிச் சத்தத்தில் அவருக்கு இடது காது மந்தம். அதைச் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார். எட்டு மாதம் நான் இடது பக்கமே உட்கார்ந்து என்னைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன். மேகலாவிடம் உனக்கோ, உன்னிடம் அவளுக்கோ ஏதாவது ஒரு கோணல் தெரிந்து, எவ்வளவு திருத்தினாலும் அது அதே இடத்தில் நின்றால், தயவுசெய்து முதலில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து பாருங்கள்.

மேகலா தன் போனில் இருந்து ஒரு குறிப்பைப் படித்துக்காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சொல்வதற்காக நீ முன்னமே எழுதி, அவளுக்கும் அனுப்பியிருந்ததாம். அணைத்துப் போட்டு, ஷிப்டைப் பிடித்து, பட்டியலில் இன்னொரு வரிக்குள் போனேன். புது கெர்னலுக்குக் கீழே பழைய கெர்னலும் பெயரோடும் எண்ணோடும் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு கோணல் இல்லாமல், உப்பல் இல்லாமல், பழைய படம் அப்படியே வந்து நின்றது. புதியது சிலருக்கு ஒத்துவராமல் போகலாம், அப்போது அவர்கள் திரும்பிப் போக ஒரு வழி இருக்கட்டும் என்று யாரோ எங்கோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டு மூலையில் இப்படி ஒரு கார்டு இருப்பது அவர்களுக்குத் தெரியாது. என் முகம் தெரியாது, நான் வரைகிற மயில் தெரியாது. எனக்கு அவர்கள் பெயர்கூடத் தெரியாது. திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். உங்கப்பா சிரித்தார். சிரித்துவிட்டுப் போகட்டும்.

டிசைனைத் திறந்தேன். இப்போது திரை உண்மையைக் காட்டியது. மூன்று நாள் நான் எடுத்ததும் சேர்த்ததும் அத்தனையும் கண்ணாடி மாதிரி தெளிவாகத் தெரிந்தது. ஒரு மயிலுக்குக் கழுத்து இல்லை. கொடி நாலு இடத்தில் அறுந்திருந்தது. பின்புலம் கொத்திப்போட்ட கீரை மாதிரி கிடந்தது. மறுபடி முதலிலிருந்து வரைந்து, அட்டை அடித்து, நெய்ய நாள் இல்லை. மேகலா இன்னும் போனில் இருந்தாள். நான் அழுவது அவளுக்குக் கேட்டிருக்கும். ‘அத்தை, ஒரு நிமிஷம்’ என்று வைத்தாள். பத்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டாள்.

‘அத்தை, ரெண்டாவது டிஸ்குல தொடாதேன்னு ஒரு ஃபோல்டர் இருக்குதாமே. அவர் அதுக்குள்ள போய்ப் பாக்கச் சொல்றார்.’

அந்த ஃபோல்டரை ஆறு வருடமாக எனக்குத் தெரியும். ஊருக்குக் கிளம்புகிற நாளில் நீதான் காட்டி, ‘இத மட்டும் தொடாதம்மா’ என்றாய். கணினியின் குடல், ஈரல் ஏதோ உள்ளே இருக்கிறது என்று நினைத்து நான் மவுஸைக்கூடப் பக்கத்தில் கொண்டு போனதில்லை. அன்றைக்குத் திறந்தேன். உள்ளே வெறும் தேதிகள். ஒரு தேதிக்கு ஒரு ஃபோல்டர். உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு தேதிக்குள்ளும் அன்றைக்கு என் டிசைன்கள் எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன. நான் வேலை செய்த ஒவ்வொரு நாளும், எனக்குச் சொல்லாமல், நான் ஒரு பட்டனைக்கூட அழுத்தாமல், ஒரு பிரதி எடுத்து வைக்கும்படி நீ ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறாய். திரை கறுப்பாக இருந்த அந்தத் திங்கட்கிழமைக் காலைகூட அது எடுத்து வைத்திருக்கிறது. நான் கெடுப்பதற்கு முன்னால் இருந்த கரை அதில் முழுசாக இருந்தது. இரண்டு மயில்களுக்கும் கழுத்து இருந்தது.

மயில் கிடைத்ததும் நான் எழுந்து போயிருக்க வேண்டும், அட்டைக்காரர் காத்திருந்தார். போக முடியவில்லை. கீழே கீழே உருட்டிக்கொண்டே போனேன். பிடிக்கவில்லை என்று நான் அழித்தவை, கோபத்தில் தூக்கிப் போட்டவை, பாதியில் விட்டவை எல்லாம் இருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், முதல் தேதியில், அந்தக் கோவைக்காய் இருந்தது. நல்லது மட்டும் போதும் என்று நீ பொறுக்கி வைக்கவில்லை. உங்கப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘நம்ம பையனா இத செஞ்சான்?’ என்று கேட்டார். எனக்கும் அந்த வியப்புத்தான், கண்ணா. இன்னும் தீரவில்லை. நான் பெற்று, குளிப்பாட்டி, காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்த பிள்ளை எனக்குத் தெரியாமல் எப்போது இவ்வளவு பெரியவன் ஆனான்?

புடவை நன்றாக வருகிறது. நேற்று உங்கப்பா முந்தானையைத் தொட்டுவிட்டார். நாலு நாளில் தறியிலிருந்து அறுத்து எடுத்துவிடுவார். மயில்கள் எப்படி இருக்கின்றன என்று இங்கே எழுத மாட்டேன், மேகலா முகூர்த்தத்தன்று தன் கண்ணால் பார்க்கட்டும். எனக்குப் புது லேப்டாப் வாங்கித் தருவதாகச் சொல்கிறாய். வாங்கு, வேண்டாம் என்று பிகு பண்ண மாட்டேன். ஆனால் இந்தப் பெட்டியை யாருக்கும் கொடுத்துவிடாதே. நீ பழைய கெர்னலையே நிலையாக வைத்துவிட்டாய், இப்போது சமர்த்தாக ஓடுகிறது. ‘க்வயட்’ என்ற அந்தச் சொல்லை மட்டும் திரும்பச் சேர்க்காதே என்று கேட்டுக்கொண்டேன் அல்லவா, அப்படியே விட்டதற்கு நன்றி. தினமும் காலையில் காபியோடு உட்கார்ந்து அந்த வெள்ளை எழுத்துகள் ஓடுவதைப் பார்க்கிறேன்.

இந்தக் கடிதத்தையும் அதில்தான் அடிக்கிறேன், ஒரு விரலால். நாளைக்கு அந்த ‘தொடாதே’ ஃபோல்டரில் இன்றைய தேதிக்குள் இதற்கும் ஒரு பிரதி இருக்கும். நான் மனம் மாறி அழித்தாலும் இருக்கும். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை நான் உன்னிடம் கேட்டது போனில் கேட்டது. அது இந்தப் பெட்டியில் எங்கேயும் இல்லை, தேடிவிட்டேன். அதன் பிரதி உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. பிள்ளையை நம்பாமல் உன் அம்மா கேட்ட கேள்விக்கு நீ ஆறு வருடமாகத் தினமும் ஒரு ஃபோல்டராகப் பதில் சொல்லியிருக்கிறாய். மேகலாவை நீ எப்படிப் பார்த்துக்கொள்வாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என்னை மன்னித்துவிடு. எதையும் அழிக்காமல் வைத்திருக்கிற பிள்ளை நீ. அந்த ஒன்றை மட்டும் அழித்துவிடு, பா.

அம்மா